பகைவனுக்குத் தண்ணீர்

பிப்ரவரி 21, சனி

இந்த ஆண்டு நாட்குறிப்பை இன்றுதான் திறக்கிறேன். முதல் ஐம்பத்தொரு பக்கங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. போர்க்காலம், எழுத நேரமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பண்பாட்டுத் துறை இயக்குநர் சிற்றம்பலம் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவி சௌந்தரம் பதற்றத்தில் காபிக்கு இரண்டு முறை சர்க்கரை போட்டாள். மனிதர் முகம் சுளிக்காமல் குடித்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பெரிய காரியமாகத்தான் வந்திருக்கிறார் என்று.

"ஐயா, மார்ச் பதினஞ்சு வெற்றி நாள். அன்னிக்கு ஒரு பட்டிமன்றம். லைவ். நீங்கதான் நடுவர்."

"போரே இன்னும் முடியலையே, அதுக்குள்ள வெற்றி நாளா?"

"நாள் குறிச்சாச்சு ஐயா. வெற்றி பின்னால வந்து சேரும்."

தலைப்பு: பகைவனுக்குத் தண்ணீர் கொடுத்தது பண்பாடா, துரோகமா?

விவகாரம் நாடறிந்தது. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். எங்கள் குடியரசுக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுக்கடலில் கழுகுப்பாறை என்று ஒரு பாறை இருக்கிறது. நாலு பள்ளிக்கூட மைதானம் அளவு. ஒரு கலங்கரை விளக்கம், நிறையக் காக்கை, சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. ஜனவரியில் அக்கரைப் படை அதைப் பிடித்துக்கொண்டது. நம் கடற்படை சுற்றி வளைத்தது. "ஒரே வாரம், நாக்கு வறண்டு கைதூக்கி வருவார்கள்" என்று தொலைக்காட்சியில் நிபுணர்கள் சொன்னார்கள். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, ஒருவனும் வரவில்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி நம் பிள்ளைகள் ஆறு படகில் பாறையை மீட்கப் போனார்கள். அறுபத்தொரு பேர் திரும்பவில்லை.

அடுத்த வாரம் துறைமுகத்தில் ஒரு காலி பாட்டில் கரை ஒதுங்கியது. மேலே 'அமுதூற்று' என்று சீட்டு. அது எங்கள் அதிபரின் மைத்துனர் நடத்தும் குடிநீர் நிறுவனம். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் ஒதுங்கவே, அதிபர் தொலைக்காட்சியில் தோன்றினார். "ஆம், நான்தான் அனுப்பச் சொன்னேன். தாகத்தில் துடிப்பவன் பகைவனானாலும் மனிதன்" என்று தழுதழுத்தார். அனுப்பினேன் என்றாரே தவிர, விற்றதா கொடுத்ததா என்று சொல்லவில்லை.

போர்க்காலத்தில் பகைவனுக்கு உதவுவது தேசத்துரோகம் என்று நம் சட்டத்திலேயே இருக்கிறது, அதிபருக்கு மட்டும் விலக்கா என்று எதிர்க்கட்சி நீதிமன்றம் போனது. போர் முடிந்தபிறகுதான் விசாரிக்க முடியும், போர் முடிந்ததா என்பதை அதிபர்தான் சொல்லவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பட்டிமன்றம்.

"தீர்ப்பு?" என்று கேட்டேன். முப்பத்தொரு ஆண்டு அனுபவத்தில், நடுவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

"அது உங்க விருப்பம் ஐயா" என்றார். பிறகு சுவரில் இருந்த பரிதியின் படத்தைப் பார்த்தார். "தம்பி கிடங்குல சௌகரியமா இருக்காரா? அந்த உத்தரவை மாசாமாசம் புதுப்பிக்கணும் இல்ல? அடுத்தது பதினாறாம் தேதி வருது."

பரிதி எங்கள் ஒரே மகன். டிசம்பரில் கட்டாயச் சேவைக்குப் போனான். முதலில் படகுப் படை. இப்போது தலைநகரிலேயே சீருடைக் கிடங்கு. அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் கிடங்குக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

பட்டிமன்றத்துக்கு ஆள் சேர்ப்பது ஒரு கலை. ஜெயிக்கப்போகும் அணியில் சிரிக்கவைக்க ஒருவர், அழவைக்க ஒருவர், இரண்டுக்கும் நடுவில் நேரம் ஓட்ட ஒருவர். தோற்கப்போகும் அணியும் நன்றாகத்தான் பேசவேண்டும். ரொம்ப நன்றாகப் பேசிவிடக் கூடாது.

'பண்பாடே' அணிக்கு நான் கேட்பதற்கு முன்பே பதினேழு பேர். மாமியார் நகைச்சுவை முத்துக்கண்ணுவைத் தலைவராகப் போட்டேன். 'துரோகமே' அணிக்கு ஒருவரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்கு அதே நாளில் மச்சினி கல்யாணம். ஒருவர் வீட்டில் அவர் மனைவி போனை எடுத்து "அவர் இல்லைங்க" என்றார். பின்னாலிருந்து அவர் குரலே "எப்பவுமே இல்லைன்னு சொல்லு" என்றது.

கடைசியில் சிற்றம்பலம் இரண்டு அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பணி ஆணை அனுப்பினார். நகலைப் படித்தேன். "மேற்படி நாளில் தாங்கள் மாண்புமிகு அதிபரைத் துரோகி என்று ஆறு நிமிடம் பேசுமாறு பணிக்கப்படுகிறீர்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் பேசினால் விளக்கம் கோரப்படும்."

மூன்றாவது ஆளுக்கு ஒரு அஞ்சலட்டை வந்து உதவியது. துறைமுகத் தொடக்கப்பள்ளி ஆசிரியை, பெயர் வேணி. 'துரோகமே' அணியில் பேச வாய்ப்புக் கேட்டு எழுதியிருந்தாள். மேடை அனுபவம் கிடையாது. அதுதான் தகுதி. உடனே போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பட்டு வேட்டி சலவையிலிருந்து மஞ்சள் கறையோடு திரும்பியது. சலவைக்காரர், கறை முன்பே இருந்தது என்கிறார்.

பிப்ரவரி 27, வெள்ளி

என் விருப்பப்படி நான் சொல்லவேண்டிய தீர்ப்பு தட்டச்சாகி வந்துவிட்டது. நாலு பக்கம். நடுநடுவே 'சிரிப்பு', 'கைதட்டல்', 'நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்' என்று குறிப்பு. எங்கே அழவேண்டும் என்று எனக்குத் தெரியாதா, இவர்கள் யார் சொல்ல? கோபம் வந்தது. பிறகு படித்துப் பார்த்தேன். அழவேண்டிய இடத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 4, புதன்

கலையரங்கத்தில் ஒத்திகை. 'துரோகமே' கல்லூரி ஆசிரியர்கள் இருவரும் அதிபரைத் திட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் "மன்னிக்கவும்" என்றார்கள். அது நன்றாகத்தான் இருந்தது, அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வேணிக்கு முப்பது வயதிருக்கும். காகிதத்தைப் பார்த்துத் திக்கித் திக்கிப் படித்தாள். எனக்கு நிம்மதி.

இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, மேடையில தம்பியைப் பத்திச் சொல்லலாமா?"

"எந்தத் தம்பி?"

"என் தம்பி குமரவேல். போன மாசம் பாறைக்குப் போன படகுல போயிட்டான். நாலாவது படகு."

"வருத்தம்தாம்மா. சுருக்கமா சொல்லு, அழுதிடாதே. அழுகை எதிரணிக்கு ஒதுக்கியிருக்கு."

"அவன் படகுப் படையே இல்லை ஐயா. முகாம்ல சமையல்காரன். திடீர்னு ஏத்திட்டாங்க. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல."

காபி ஆறிவிட்டது. அரங்கத்து நாற்காலிகளின் முதுகு மிகவும் நேராக இருக்கிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். தலையணை கேட்டிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

பரிதி விடுப்பில் வந்தான். சௌந்தரம் வாழைக்காய் வறுவல் செய்தாள். பாதிக்கு மேல் தட்டில் வைத்துவிட்டான்.

"ஏன்டா, உப்பு கம்மியா?"

"இல்லம்மா. பாறைக்குப் போனவங்க பெட்டியெல்லாம் கிடங்குக்கு வந்திருக்கு. சீருடையைத் துவைச்சு, பேர்ப்பட்டையைப் பிரிச்சு, அடுத்த ஆளுக்குக் கொடுக்கணுமாம். பேரை எழுதுறது நான்தான்." பிறகு என்னைப் பார்த்தான். "நாலாவது படகுப் பட்டியல்ல என் பேரை அடிச்சுட்டு மேல ஒரு பேர் எழுதியிருக்கு அப்பா."

ஒரு பெயரைச் சொன்னான். நான் சரியாகக் கேட்கவில்லை.

"சாப்பிடுற நேரத்துல அதெல்லாம் எதுக்கு? வறுவலைச் சாப்பிடு."

"எப்பப்பா சொன்னீங்க என்னை எடுக்கச் சொல்லி?"

"நான் யாருக்கும் சொல்லலை. உன் கையெழுத்துடா."

அவன் போனபிறகு சௌந்தரம் கதவருகே நின்றுகொண்டு சொன்னாள்: "நம்ம வீட்டு உப்பு புளியெல்லாம் மேடையில சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம். என் சாம்பாரைப் பத்திச் சொல்லுங்க, என் குறட்டையைப் பத்திச் சொல்லுங்க. பரிதி பேரு மட்டும் உங்க வாயில வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். நான் என்ன சின்னப்பிள்ளையா?

மார்ச் 9, திங்கள்

வேணிக்குப் பதில் வேறு யாரையாவது போடலாமா என்று சிற்றம்பலத்திடம் கேட்டேன். காரணம் கேட்டார். தொண்டை என்றேன். "யாரோட தொண்டை ஐயா?" என்றார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம்.

மார்ச் 13, வெள்ளி

தொண்டைக்குப் பனங்கற்கண்டுப் பால். நாள் முழுக்க மௌனம். சௌந்தரத்துக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டினேன். முப்பத்தொரு ஆண்டில் இப்படி நிம்மதியாக இருந்ததில்லை என்று அவளும் ஒரு சீட்டு எழுதினாள்.

மார்ச் 15, ஞாயிறு. வெற்றி நாள்

நாலாயிரம் பேர். இன்று வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 16, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும். சௌந்தரம் பேசமாட்டேன் என்கிறாள். வேறு யாரிடம் சொல்வது?

நேற்று எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. முதல் வரிசையில் அமைச்சர்கள், அதிபரின் மைத்துனர், சௌந்தரம். ஆளுக்கொரு அமுதூற்று பாட்டில். மேடைக்கு விரிக்க ஜமுக்காளம் சீருடைக் கிடங்கிலிருந்து வந்திருந்தது. அதைக் கொண்டுவந்த ஆட்களோடு பரிதியும் மேடை ஓரத்தில் நின்றான். அவன் வருவான் என்று எனக்குத் தெரியாது.

முத்துக்கண்ணு வெளுத்து வாங்கினார். "என் மாமியார் வந்தாலே நான் தண்ணி கொடுக்கிறேன், பகைவனுக்குக் கொடுக்க மாட்டேனா?" என்றதும் மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்வரிசைகளில் அவ்வளவாகச் சிரிப்பு இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துரோகி என்றார்கள், சரியாக ஆறு நிமிடத்தில் உட்கார்ந்தார்கள்.

கடைசியாக வேணி. காகிதம் இல்லாமல் வந்தாள். திக்கவில்லை.

"தண்ணி கொடுத்தது தப்புன்னு நான் சொல்ல வரலைங்க. என் தம்பி சமையல்காரன். பாறையில இருந்தவன் வந்து கேட்டிருந்தா அவனே ஒரு செம்பு மொண்டு கொடுத்திருப்பான். நான் கேக்குறது வேற. தண்ணி அனுப்பினவருக்கு, அங்க இருக்கிறவன் தெம்பா இருக்கான்னு தெரியுமா தெரியாதா? தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, 'அங்க எல்லாரும் நாக்கு வறண்டு கிடக்கான், போய் அள்ளிட்டு வாங்க'ன்னு நம்ம பிள்ளைங்களை அனுப்பினாரே. பகைவனுக்குத் தண்ணி, நம்ம பிள்ளைக்குப் பொய். நான் அந்தத் தண்ணியைத் துரோகம்னு சொல்லல. அந்தப் பொய்யைச் சொல்றேன்."

நாலாயிரம் பேரும் வாயைத் திறக்கவில்லை. கைதட்டலும் இல்லை.

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. ஒருவர் பேசி முடித்ததும் நடுவர் ஏதாவது சொல்லி அரங்கத்தைக் கலகலப்பாக்க வேண்டும். மூன்று விநாடி மௌனம் வந்தால் போதும், என் வாய் தானாக வீட்டுக்குப் போய்விடும். சாம்பார், குறட்டை, பரிதியின் கணக்கு மதிப்பெண். இத்தனை ஆண்டும் என் வீட்டை விற்றுத்தான் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். நேற்றும் வாய் போயிற்று.

"பொய்யைப் பத்தி அம்மா பேசினாங்க" என்று ஆரம்பித்தேன். "பொய் சொல்லாத வீடு உண்டா? எங்க வீட்டு அம்மா இருக்காங்களே, பிப்ரவரி ஆறாம் தேதி ஒரு அழுகை அழுதாங்க பாருங்க! அமுதூற்றெல்லாம் தோத்துப்போச்சு. 'ஒரு போன் பண்ணுங்க, பிள்ளையைப் படகுலேருந்து இறக்குங்க'ன்னு. நான் மேலிடத்துல ஒரு நண்பருக்குப் போன் போட்டேன். அவர் சொல்றார், 'கவலைப்படாதீங்க, ஒன்பதாம் தேதிக்கு முன்னால இறக்கிடுறோம், பையன் எழுத்து அழகா இருக்குன்னு எழுதிக்கலாம்'னு. என் பையன் எழுத்தைப் பார்த்தா கோழி கிளறின மாதிரி இருக்கும்!"

கடைசி வரிக்குத்தான் சிரிப்பு வரவேண்டும். வழக்கமாக வரும் இடம். வரவில்லை.

சௌந்தரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிற்றம்பலம் எழுந்து நின்றுவிட்டார். வேணி இன்னும் ஒலிபெருக்கியின் முன்னால்தான் நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏழாம் தேதி சாயங்காலம், நாலாவது படகுல ஒரு ஆள் குறையுதுன்னு என் தம்பியைக் கூட்டிட்டுப் போனாங்க ஐயா. ஏன் குறைஞ்சுதுன்னு அன்னிக்கு யாரும் சொல்லல. இப்பத்தான் தெரியுது. ரொம்ப நன்றி."

நேரம் முடிந்த மணி அடித்தது. உட்கார்ந்துகொண்டாள்.

தீர்ப்புத் தாள் என் கையில் இருந்தது. என் பழைய வித்தை ஒன்று உண்டு. சிக்கலான இடத்தில் "நீங்களே சொல்லுங்க!" என்று கூட்டத்திடம் விட்டுவிடுவேன். எதையாவது கத்துவார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம். நேற்றும் கேட்டேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடை ஓரத்தில் பரிதி நின்றான். முதல் வரிசையில் சௌந்தரம் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு அழுத அதே முகம். மறுநாள் பதினாறாம் தேதி. நான் அதை மட்டும்தான் நினைத்தேன். வேறு எதையாவது நினைத்தேன் என்று எழுதினால் அது பொய்.

"பண்பாடே!" என்றேன்.

நாலு பக்கத்தையும் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடத்தில் துடைத்துக்கொண்டேன். அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் வரிசை கைதட்டியது. வழக்கப்படி தோற்ற அணிக்கும் பொன்னாடை. வேணிக்கு நான்தான் போர்த்தினேன். அவள் அதை மெதுவாக எடுத்து, நாலாக மடித்து, என் நாற்காலியில் இருந்த தலையணையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நேரலை என்றார்களே, அது பத்து நிமிடம் தாமதித்து ஒளிபரப்பான நேரலையாம். வேணி பேசிய இடத்திலும் நான் வீட்டுக் கதை பேசிய இடத்திலும் கடற்கரைச் சுற்றுலா விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஊர் முழுவதும் என்னைப் பாராட்டுகிறது. அரங்கத்தில் இருந்தவர்கள் மட்டும் பேசாமல் போகிறார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு உத்தரவு வந்தது. பரிதிக்கு இனி மாதாமாதம் புதுப்பிக்க வேண்டியதில்லை. போர் முடியும்வரை கிடங்கு. சிற்றம்பலம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

பதினோரு மணிக்குப் பரிதி வந்தான். தோளில் பை.

"உத்தரவு வந்திருக்குடா" என்று நீட்டினேன்.

"தெரியும்ப்பா. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். படகுப் படைக்கே திரும்பப் போறேன்."

"பைத்தியமாடா உனக்கு? இதுக்குத்தானே நான் அங்க..."

"அதுக்குத்தான்ப்பா." தோள் பையைச் சரிசெய்துகொண்டான். "தீர்ப்பு எழுதின தாளை விடுப்புல வந்த அன்னிக்கே உங்க மேஜையில பார்த்தேன். இருந்தாலும் நேத்து நீங்க அதைப் படிக்காம விட்டுடுவீங்கன்னு கொஞ்சம் நினைச்சேன்."

சௌந்தரம் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போனான். என் காலில் விழுந்து கும்பிடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை.

மார்ச் 19, வியாழன்

'பண்பாட்டுக் காவலர்' விருது எனக்கு. இரண்டாவது விருது அமுதூற்று நிறுவனத்துக்கு.

மார்ச் 20, வெள்ளி

சௌந்தரம் இன்று பேசினாள். "ரேஷன் கடையில மண்ணெண்ணெய் வந்திருக்காம்."

மார்ச் 28, சனி

கழுகுப்பாறையை மீட்டுவிட்டோம்! தெருவெல்லாம் லட்டு. அக்கரைப் படை முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டது என்றும், நாம் போய் இறங்கியதுதான் மிச்சம் என்றும் சிலர் சொல்கிறார்கள். இப்போது பாறையில் நம் கொடி, நம் பிள்ளைகள் எழுபது பேர். அதில் பரிதியும் ஒருவன்.

ஏப்ரல் 2, வியாழன்

பரிதியிடமிருந்து கடிதம். சௌந்தரத்துக்குத்தான் எழுதியிருக்கிறான். கையெழுத்து கோழி கிளறியதுதான், நான்தான் படித்துக் காட்டினேன்.

"அம்மா, நலம். இங்கே வெயில் அதிகம். நிறைய இருக்கும் என்றார்களே, அந்தக் காக்கைகூட இப்போது இல்லை. விளக்குக் கோபுரத்தின் அடியில் காலி பாட்டில்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. எல்லாம் அமுதூற்று. தண்ணீர்ப் படகு தாமதமாவதால் தினமும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்க்கிறோம். குமரவேல் நன்றாக ரசம் வைப்பானாம், முகாமில் கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். அப்பாவைத் தொண்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்."

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கரைக் கடற்படை பாறையைச் சுற்றி வளைத்துவிட்டது. நம் தண்ணீர்ப் படகுகள் இரண்டு முறை போய்ப் பாதியில் திரும்பிவிட்டன. "ஒரே வாரம், நாக்கு வறண்டு கைதூக்கி வருவார்கள்" என்று அவர்கள் வானொலியில் ஒருவர் சொல்கிறார். நம் நிபுணர் சொன்ன அதே சொற்கள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சிற்றம்பலத்துக்கு ஒன்பது முறை போன் செய்தேன். பத்தாவது முறை எடுத்தார்.

"ஐயா, நம்ம அதிபர் அந்தப் பிள்ளைங்களுக்காக உயிரையே கொடுப்பார்."

"உயிர் வேண்டாம் சார். தண்ணி கொடுக்கச் சொல்லுங்க."

"அதுக்கு வழி இல்லையே ஐயா. வளைச்சிருக்கிறது அவங்க இல்ல? மனசு வச்சா அவங்கதான் விடணும்."

ஏப்ரல் 9, வியாழன்

மழை பெய்யுமா என்று மாடியில் நின்று பார்த்தேன். எங்கேயும் மேகம் இல்லை. சௌந்தரம் நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பையன் குடிக்கும்போது குடிக்கிறேன் என்கிறாள். செம்பை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கரை வானொலி கேட்டேன். பகைவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற கோழைத்தனம் தங்கள் தலைவருக்குக் கிடையாதாம். தங்கள் நாட்டில் அது தேசத்துரோகமாம், தூக்குத் தண்டனையாம். அறிவிப்பாளர் பெருமையாகச் சொன்னார். எல்லாம் நாம் பேசுகிற அதே தமிழ்.

நான் பண்பாடு என்று தீர்ப்புச் சொன்னேன். நம்பிச் சொல்லவில்லை. இப்போது அது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஏங்குகிறேன்.

ஏப்ரல் 11, சனி

அஞ்சலட்டை வந்தது.

"ஐயா, தங்கள் மகன் பாறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளோடு தினமும் வேண்டிக்கொள்கிறேன். யார் கொடுத்தாலும் சரி. வேணி."

சௌந்தரத்திடம் படித்துக் காட்டினேன். அட்டையை வாங்கிச் சாமி படத்தருகே வைத்தாள். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

மாலையில் இருவரும் கோயிலுக்குப் போனோம். இருபது ஆண்டுக்குப் பிறகு அவளோடு சேர்ந்து சன்னிதியில் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குக் குழப்பமே இல்லை. அக்கரை அதிபர் நல்லவராக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை, அவ்வளவு பெரிய வரம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அவருக்கும் ஒரு மைத்துனர் இருக்கவேண்டும். அந்த மைத்துனர் தண்ணீர் வியாபாரம் செய்யவேண்டும்.